மெலிந்ததற்குக் கூலி

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் கழிந்தும் எங்கள் பக்கத்தில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்பது ஓயவில்லை. முக்கால்வாசி வீடுகளில் மத்தியானத்துக்கு மரச்சீனிக் கிழங்குதான். அந்தக் காலத்தில் நாகர்கோவிலில், காசு கொடுத்து உடம்பை இளைக்க வைத்துக்கொள்ளும் கடை ஒன்று இருந்தது என்றால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். நான் அங்கே இரண்டு வருஷம் எழுத்து வேலை பார்த்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகாத பெண். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால்தான் வேலை கிடைத்தது.

கடையை நடத்தியவரை வைத்தியர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கொழும்பில் ஒரு மருந்துக் கடையில் சில வருஷம் இருந்துவிட்டு, ஆள் ஏறி நிற்கிற எடை மெஷின் ஒன்றோடு ஊர் திரும்பியவர். மெஷினுக்கு மேல் அவருக்கு வேறு வைத்தியம் தெரிந்ததாக நான் கண்டதில்லை. நாற்பத்தொரு நாள் சிகிச்சை. காலையில் கசப்பாக ஒரு சூரணம், வயிற்றைச் சுத்தமாகக் கழுவிவிடும். மத்தியானம் கொள்ளுக் கஞ்சி. சனிக்கிழமை தோறும் மெஷினில் ஏற வேண்டும். பூதப்பாண்டிப் பக்கத்துப் பண்ணை வீட்டு அம்மாமார் வில்வண்டியில் வருவார்கள். குலசேகரத்திலிருந்து ரப்பர் தோட்ட முதலாளிகளின் மனைவிமார் காரில் வருவார்கள். யாருக்கு எத்தனை ராத்தல், அதாவது பவுண்டு, குறைந்தது என்று சீட்டில் எழுதுவது என் வேலை. குறையாவிட்டால் பழி சூரணத்துக்கு வராது, அந்த அம்மாளின் நாக்குக்குத்தான் போகும்.

எங்களுக்கு அப்பாவும் அம்மாவும் இல்லை. அக்காளை ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. மூன்றாம் வருஷம் மலேரியாக் காய்ச்சலில் அத்தான் போய்விட்டார். ஒரு டிரங்குப் பெட்டியும் கல்யாணப் படமுமாக அக்கா என்னிடம் வந்து சேர்ந்தாள். படத்தில் அவள் கன்னமும் கையும் சதைப்பிடிப்பாக, வேதக்கோயிலில் பிடித்திருந்த பூச்செண்டோடு சிரித்துக்கொண்டிருப்பாள். என்னிடம் வந்தவள் எலும்பும் தோலும். ஒரு நாள் நான் காய்ச்சலில் வேலைக்குப் போகவில்லை. தேடிக்கொண்டு வந்த வைத்தியர், சுவரில் இருந்த படத்தையும் கதவைத் திறந்த அக்காளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ஆளா பிள்ளே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரமே படம் கடைச் சுவருக்குப் போய்விட்டது, அத்தான் நின்ற பாதியை வெட்டிவிட்டு. படத்தின் கீழே நாற்காலி போட்டு அக்காளை உட்கார வைத்தார். தாலியறுத்தவள் என்று தெரிந்தால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, வெள்ளைச் சேலையை மாற்றச் சொல்லி இரண்டு கலர் சேலை கொடுத்தார். புருஷன் கொழும்பில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். கூலி வாராவாரம் நெல். அந்தக் காலத்தில் நெல் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

அக்காளுக்கு அங்கே போவது பிடித்திருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள். பூதப்பாண்டி அம்மாள் ஒருத்தி, கடைக்கு வருகிறவர்களிலேயே கனத்த ஆள், வரும்போதெல்லாம் அக்காளின் மணிக்கட்டை விரலால் வளைத்துப் பிடித்து, "எனக்கு இதுல பாதி வந்தாப் போரும் மக்ளே" என்பாள். அக்கா வெட்கப்பட்டுச் சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது, விடவே இல்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, க்ஷயம் என்றார். பால், முட்டை, மீனெண்ணெய், ஓய்வு. மாதம் ஒரு தடவை வந்து எடை பார்க்க வேண்டும்.

அதிலிருந்து அக்கா இரண்டு மெஷின்களில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் முள் இறங்கியிருந்தால் டாக்டரம்மா என்னைத்தான் திட்டுவார். கடையில் முள் இறங்கியிருந்தால் வைத்தியர் எல்லோருக்கும் கேட்க உரக்கச் சொல்வார். "பாத்துக்கிடுங்க, இன்னும் ரெண்டு ராத்தல்!" அதையும் நான்தான் எழுதினேன், முத்து முத்தாக. க்ஷயம் என்று வைத்தியரிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார், அவளுக்கென்று தனி டம்ளர் வைத்தார், அவ்வளவுதான்.

வீட்டில் பாலைக் காய்ச்சி வைத்தால் அக்கா எனக்கு ஊற்றிவிடுவாள். ஒரு நாள் கத்தினேன்.

"ஏட்டி, நான் தடிச்சா அவரு என்னை வச்சிருப்பாரா? பெறவு ரெண்டு பேரும் என்னத்தத் திங்க?" என்றாள்.

பாலை நான்தான் குடித்தேன்.

மாசி பிறக்கும்போது ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் காலியாயிற்று. உடனே கொண்டுவந்து சேர்க்கச் சொல்லி டாக்டரம்மா ஆளனுப்பினார். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம். கொடைக் கூட்டத்தில் மெஷினையும் படத்தையும் அக்காளையும் வைத்துப் பந்தல் போட வைத்தியர் திட்டமிட்டிருந்தார்.

"கொடை கழியட்டு பிள்ளே. கட்டிலு எங்கயும் ஓடிராது" என்றார்.

அக்காளும் அதையேதான் சொன்னாள். கொடைக்கு அவளுக்குப் புதுச்சேலை வருவதாக இருந்தது. நான் சரி என்றேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தப்புப் பண்ணியிருக்கிறேன், இந்த ஒரு சரிதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

பந்தலில் பத்து நாள், கடற்காற்றிலும் புழுதியிலும் உட்கார்ந்திருந்தாள். எழுபத்தாறு ராத்தல் என்று வைத்தியர் சொன்னபோது கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். கொடை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தக் கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

வைகாசிப் பாதியில் வரும் இடவப்பாதி மழை தொடங்கும் முன்னாலேயே அக்கா போய்விட்டாள். சவப்பெட்டியைத் தூக்க நாலு பேர் வந்திருந்தார்கள், இரண்டு பேரே போதுமாக இருந்தது. கலர் சேலைகளைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஊர் என்ன சொல்லுமோ என்று வைக்கவில்லை.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துப் படத்தை எடுத்துவரக் கடைக்குப் போனேன். அவளுக்கு வேறு படம் கிடையாது. வைத்தியர் இல்லை. பூதப்பாண்டி அம்மாள் மட்டும் கஞ்சிக்குக் காத்திருந்தாள், ஒரு ராத்தல்கூடக் குறையாமல்.

"ஒனக்க அக்கா மாப்பிள்ளைகிட்ட கொழும்புக்குப் போயாச்சாமே?" என்றாள். வைத்தியர் அப்படிச் சொல்லியிருக்கிறார். ஸ்டூலில் ஏறிப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன்.

அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "இந்தச் சூரணம் எனக்குக் கேக்கல்ல பிள்ளே. நெசத்தச் சொல்லு. ஒனக்க அக்கா என்னத்தத் தின்னா?"

அந்தக் கடையில் நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உண்மை பேசினேன்.

"ஒண்ணும் திங்கல்ல."

படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அந்த அம்மாள் மூச்சு வாங்க வாசல் வரை என் பின்னால் வந்தாள்.

"எத்தன நாளு பிள்ளே?" என்று கேட்டாள். "ஒண்ணும் திங்காம எத்தன நாளு இருந்தா?"