திங்கட்கிழமை போனவள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை முகாம் நடந்தபோது, வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்து வந்தது நான்தான். சுகாதாரத் தன்னார்வலர் வேலையில் அது எனக்கு இரண்டாவது வருடம். சில நாள் கழித்து முடிவுகள் வந்தன. நான்கு பேருக்குச் சந்தேகம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி பார்க்க வேண்டும் என்று சீட்டு. மூன்று பேர் போய்விட்டார்கள்.

நாலாவது பெண்ணுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கான்ட்ராக்ட். கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்திலேயே போய்ப் பிடிப்பேன். "எப்ப போவே?" என்றால், "அடுத்த வாரம்க்கா" என்பாள். மூன்று மாதம் ஓடிவிட்டது. பயப்படுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டு, ஒருநாள் அவள் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன்.

"ரெண்டு புள்ளைங்களை வச்சிக்கினு இன்னாம்மா இவ்ளோ அலட்சியம்?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கோபப்படவில்லை.

"நான் போனேன்க்கா. சீட்டு கைக்கு வந்த அடுத்த திங்கக்கெழமையே போனேன். பெரியபாளையத்துல பஸ் மாறி, விசாரிச்சிக்கினு போய்ச் சேர்ந்தா, இந்த டெஸ்ட்டு வியாழக்கெழமைதான்னு சொல்ட்டாங்க. அந்த ஒருநாள் லீவுக்கே சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சினேன். மறுபடி இன்னான்னு கேக்கறது? இந்த மாதிரி எடத்துல டெஸ்ட்டுன்னு ஆம்பளைகிட்ட சொல்ல முடியுமா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க எப்ப போவே, எப்ப போவேன்னுதானே கேட்டீங்க."

வியாழக்கிழமை என்பது எனக்குத் தெரியும். மற்ற மூவருக்கும் சொல்லியிருந்தேன். இவள் ஷிப்டில் இருந்ததால், சீட்டை மட்டும் மடித்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் நானே பேசினேன். சுகாதார முகாம் விஷயமாக இவள் வியாழக்கிழமை என்னோடு வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வியாழக்கிழமை இருவரும் போனோம். சதைத் துணுக்கு ஒன்று எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் பின்னால் புற்றுநோய் ஆகியிருக்கக்கூடிய மாற்றம், இப்போதே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அவள் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாள்.

"பயந்துக்கினுதான்க்கா இருந்தேன்" என்றாள். "அதுவும்தான்."

பிறகு கேன்டீனில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம். அந்த மாதமே சிகிச்சை முடிந்தது. இப்போது வருடம் ஒருமுறை பரிசோதனைக்கு அவளாகவே போய் வருகிறாள்.