ஜூலை ஒன்பது என்று நினைத்தவர்

மாட்டுங்காவில் இருபத்தெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார் ஜம்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சீனியர் அசிஸ்டென்ட். ஐம்பத்தாறாவது வயதில் கியர் சைக்கிள் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நெருள் வரை போய்வரப் பழகினார்.

"இந்த வயசில மத்தவா எல்லாம் கோயிலுக்குப் போறா" என்பாள் மனைவி விஜயலக்ஷ்மி.

"வழியில செம்பூர் முருகன் இருக்கார். ஒரு காலைத் தரையில ஊனிண்டே கும்பிட்டுடறேன்."

இந்த ஜூனில் லடாக். சிந்து நதியை ஒட்டி ஆறு நாள் சைக்கிள் பயணம், எட்டுப் பேர், சாமான்களுக்கு ஒரு வேன். லீவு எழுதிக்கொடுக்கும்முன் ஜம்பு ஒன்றை மட்டும் யோசித்துப் பார்த்தார். அப்பாவின் திதி போன வருஷம் ஜூலை ஒன்பதாம் தேதி வந்தது. ஜூன் முப்பதுக்கே வீடு திரும்பிவிடலாம். ஒரே பிள்ளை அவர். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட விட்டதில்லை.

இரண்டு பக்கமும் புல் முளைக்காத மலை. மணல். நடுவில் பச்சையாக ஆறு. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் மாதவ்தான் அவரை இதில் சேர்த்துவிட்டவன். முதல் மூன்று நாளும் மாதவின் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு, ஆற்றைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தார்.

நான்காம் நாள் சாயங்காலம் ஒரு பாலத்தடியில் சிக்னல் கிடைத்தது. விஜயலக்ஷ்மியிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

"ஏன்னா, வாத்யார் ஃபோன் பண்ணினார். திதி நாளைக்காம்."

"ஜூலை ஒம்பதுன்னா?"

"அது போன வருஷம். திதி என்ன உங்க இன்க்ரிமென்ட்டா, வருஷாவருஷம் அதே தேதியில வர்றதுக்கு? பஞ்சாங்கம் அலமாரியிலயேதான் இருந்தது."

"நீயும் பாக்கலையே."

"நானும்தான் பாக்கலை. எள்ளும் தண்ணியுமாவது விடுங்கோ. வாத்யார் என்ன சொன்னார்னா..."

சிக்னல் போய்விட்டது. வேன் டிரைவரிடம் போய், ராத்திரியே லே ஏர்போர்ட்டுக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டார். வந்த பாதையில் மத்தியானம் கல் சரிந்து அடைத்துவிட்டதாம். எடுக்க இரண்டு நாள் ஆகும். போவதென்றால் முன்னால்தான் போகலாம்.

மறுநாள் வெறும் வயிற்றோடு மிதித்தார். உச்சிவேளையில் மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது ஆற்றில் இறங்கப் போனார்.

யாரிடமாவது எள் இருக்குமா என்று காலையில் அவர் கேட்டது ஞாபகம் வந்து, மாதவ் பின்னாலேயே வந்தான். "ஸார், எள்ளுதானே? என் பேக்ல தில் சிக்கி இருக்கு. சலேகா, பரவாயில்லையா?"

வெள்ளை எள், அதுவும் வெல்லத்தில் ஒட்டியது. வேண்டியது கறுப்பு எள். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டு, தண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். சட்டையைக் கழற்றி, பூணூலை வலத்தோளுக்கு மாற்றிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்றார். கால் மரத்துப்போனது. கோத்திரத்தைச் சொன்னார். அப்பா சுப்ரமணியன் பெயரைச் சொல்லி நீர் விட்டார். தாத்தாவுக்கு ஜம்புநாதன், தன்னுடைய பெயரேதான்.

அடுத்தது கொள்ளுத்தாத்தா.

வருஷாவருஷம் திதி செய்துவைக்கும் வாத்யார்தான் பெயர்களைச் சொல்வார், இவர் கூடவே திருப்பிச் சொல்வார். தாத்தா பெயரை மூத்த பிள்ளைக்குத்தான் வைப்பார்கள்; அப்பா மூன்றாவது பிள்ளை, அதனால் அந்தப் பெயர் அவருக்கும் இல்லை. நேற்று ஃபோனில் கேட்டிருந்தால் விஜயலக்ஷ்மி ஷெல்ஃபில் இருக்கும், பெயர்கள் எழுதிய சீட்டைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். ஒரு எழுத்துகூட ஞாபகம் வரவில்லை.

"ஸார், எல்லாரும் கிளம்பறா" என்றான் மாதவ் கரையிலிருந்து.

அள்ளிய தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப்போயிருந்தது. ஜம்பு குனிந்து மறுபடி அள்ளினார்.