அலமாரிக்குக் கை நீட்டியபோது

என் மனைவி பதினெட்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ரத்தத்துக்கு அசராதவள், கரப்பான் பூச்சிக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவாள். நேற்றுக் காலை, அவள் தலைக்கு மேலே அலமாரியில் இருந்த சர்க்கரை டப்பாவை எடுக்கச் சட்டென்று கையை நீட்டினேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நான் என்னிக்காவது உன்ன அடிச்சிருக்கேனா?"

"ஐயோ, நீங்க இல்லங்க. பெரிய டாக்டருக்குக் கோபம் வந்தா கத்தரிக்கோல் பறந்து வரும். அந்தப் பழக்கம்."

பதினெட்டு வருடம்! இது தெரியாமல் ஒரே வீட்டில் குப்பை கொட்டியிருக்கிறேன், மடையன்.

"அவன் வீசுவான், நீ சும்மா இருப்பியா? என்னதான் செய்வே?" என்று கத்தினேன்.

"கீழ விழுந்தத மறுபடி பயன்படுத்தக் கூடாதுங்க," என்றாள் நிதானமாக. "சுத்தமான வேற ஒண்ண எடுத்து அவர் கையில குடுப்பேன்."