கேக் சீட்டைக் காசாக்கும் சொற்கள்

மொழி சொல்லிக்கொடுக்கும் தொழிலில் கால்வாசி நேரம் பேசுவது, முக்கால்வாசி நேரம் சிரிப்பு அடங்கக் காத்திருப்பது. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக டீச்சர்களான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கணியம்பாடிக்காரி. ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பியவள். அங்கே போகக் காத்திருக்கும் ஜவ்வாது மலைப் பெண்களுக்கு இப்போது மலைக்கே போய், அங்கே பேசும் கான்டனீஸ் மொழியைக் கற்றுத்தருகிறேன். ஹாங்காங் கல்யாணங்களில் விருந்தாளிகளுக்குக் கேக் கடைச் சீட்டு கொடுப்பார்கள். வேண்டாதவர்கள் அதை வீட்டு வேலைக்காரியிடம் தந்துவிடுவார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு பணம் தரும் கடைகள் உண்டு. கேட்கத்தான் வாய் வேண்டும்.

முதல் கேள்வி

கடையில் முதலில் ‘சௌ ம் சௌ?’ என்று கேட்க வேண்டும். வாங்கிக்கொள்வீர்களா, மாட்டீர்களா என்று அர்த்தம். எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னேன். சாமை அறுப்பிலிருந்து நேராக வகுப்புக்கு வந்திருந்த செல்வி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னா டீச்சர், காசு கேக்கப் போற கடைல சாவு சாவுன்னா, தொடப்பத்தாலயே அடிக்க மாட்டான்?”

ரொக்கம்

வகுப்பில் படித்த ராணியின் புருஷன் மாதுவுக்கு அவளை அனுப்ப இஷ்டமில்லை. தினமும் கூடவே வந்து, வாசற்படியில் முறைத்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் கடைக்காரியாக நடித்தேன். சீட்டை நீட்டிய ராணிக்கு ரொக்கத்துக்கான சொல் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். அப்போது வாசலிலிருந்து ஒரு சத்தம்: “யின் கம்! யின் கம்னு சொல்லு!”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. மாது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நான் வேணாம்னுதான் சொல்லிக்கினு கீறேன். அதுக்காவ, போற எடத்துல அவ ஏமாந்துட்டு நிக்கணுமா?”

அடுத்த மாதம் அவரே அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ராணி போனில் கூப்பிட்டாள்; குரல் விட்டுவிட்டுக் கேட்டது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினோம். மாது எல்லோருக்கும் முன்னால். போன வாரம் முதலாளியம்மா கேக் சீட்டு கொடுத்தாராம். தனியாகவே கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரி அடிமாட்டு விலை சொல்ல, ‘ம் தக்’, முடியாது என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியிருக்கிறாள். கடைக்காரி கூப்பிட்டு, விலையை ஏற்றிக் கொடுத்தாளாம். அந்தக் காசில் ரீசார்ஜ் செய்துதான் பேசுகிறாள்.

“எங்க கத்துக்கினேன்னு அந்தக் கடைக்காரம்மா கேட்டுச்சு டீச்சர். ஜவ்வாது மலைன்னேன். அது ஹாங்காங்ல எந்தப் பக்கம் கீதுன்னு கேக்குது!”

நான் கற்றுத்தந்த சொற்கள் கடல் தாண்டிக் காசாகிவிட்டன. மலையிலிருந்து இறங்க எனக்குத்தான் இன்னும் பஸ் வந்தபாடில்லை.