மாத்திரை மாற்றிய பிறகு

லிஃப்டுக்குள் ஏறியதும் எல்லோரையும் பேச்சை நிறுத்தச் சொல்வார். கதவில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலே போய்க் கீழே வருவார். "எங்கியோ உரசுது" என்பார். லிஃப்ட் மெக்கானிக். நல்ல உயரம், எந்த வாசலிலும் பழக்கத்தில் குனிந்துதான் நுழைவார்.

வீட்டில் அந்தக் காதுக்கு ஓய்வே கிடைத்ததில்லை. எட்டு வயது மகள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்கு ஓடுவாள். வாய் ஓயாது. 'ரேடியோ' என்று பெயர் வைத்ததே அவர்தான். பள்ளியில் புகார் மேல் புகார். கவனக்குறைபாடு என்று கண்டறிந்த குழந்தைகள் மருத்துவர், காலையில் போட ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. கணக்குகள் முழுசாக முடிந்தன. டீச்சர் கூப்பிட்டுப் பாராட்டினார். ஆனால் சாப்பாட்டு டப்பா கொடுத்தது கொடுத்தபடியே திரும்பி வந்தது. மகள் மூலையில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் ஒழுங்காப் படிக்கிறா. கண்ணு வைக்காதீங்க" என்றார் மனைவி.

"படிக்கிறாம்மா. ஆனா ஆளையே காணோமே."

மறுநாள் அவர் மகளோடு மருத்துவரிடம் கிளம்பியபோது மனைவியும் கூடவே செருப்பை மாட்டினார்.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். "வந்து சொன்னது நல்லதாப் போச்சு. ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கிறது இன்னொண்ணுக்கு ஒத்துக்காது. இதே வகையில வேற மருந்து இருக்கு. கம்மியா ஆரம்பிச்சுப் பார்ப்போம்."

"படிப்பு மறுபடி போயிட்டா?" என்றார் மனைவி.

"போனா மறுபடி பேசுவோம். இவ சாப்பிடணும், சிரிக்கணும். அதுவும் கணக்குதான்."

அதன்பின் அவர் தினமும் வேலை முடிந்து வந்ததும் வீட்டு வாசலிலேயே நின்று உள்ளே காது கொடுப்பார். சில வாரம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் மாலை வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு மகளே ஓடி வந்தாள்.

"அப்பா, ஆமைக்குப் பல்லே கிடையாதாம். அப்ப அதுக்குப் பல்வலியே வராதில்ல?"

"குடுத்து வச்ச ஆமை" என்றார்.

சாப்பிடும்போதும் ஆமைப் பேச்சு நிற்கவில்லை. பேச்சோடு பேச்சாக அவள் தட்டு காலியானது.

"அம்மா, இன்னும் கொஞ்சம்."

மனைவி பாத்திரத்தை எடுப்பதற்குள், அவர் தன் தட்டை அப்படியே மகள் முன்னால் நகர்த்தி வைத்தார்.