இரவல் விலாசம்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. இலங்கையிலிருந்து ஜேர்மனிக்கு அகதிகளாக வந்த புதிதில் எவருக்கும் நிலையான இருப்பிடம் கிடையாது. ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் ஊரிலிருந்து கடிதம் வரவேண்டுமென்றால், எங்காவது காலூன்றிவிட்ட ஒருவரின் விலாசத்தைக் கொடுப்போம். ஒரே தபால்பெட்டியில் ஏழெட்டுப் பெயர்கள் ஒட்டியிருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். உப்பு, புளி இரவல் கேட்பது போலத்தான் விலாசம் கேட்பதும். எவரும் இல்லையென்று சொன்னதில்லை. நானும் ஒரு முறை கேட்டேன். கடிதத்துக்காக அல்ல, என் மகளின் பள்ளிக்கூடத்துக்காக.

அப்போது ஈரோ புழக்கத்துக்கு வந்து ஓரிரு வருடங்கள்தான் ஆகியிருந்தன. தெற்கே ஒரு சிறு பட்டினத்தில் இருந்தோம். கணவருக்கு ஹம் நகரில் கம்பித் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தர வேலை கிடைத்தது. மகளுக்கு ஆறு வயது, கோடை விடுமுறை முடிந்ததும் முதலாம் வகுப்பு. மகனுக்கு இரண்டு. வீடு பார்க்கும் பொறுப்பு கணவருடையது. பள்ளிக்கூடம் பார்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் என்னிடம் தரவில்லை.

இந்த நாட்டில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். ஜிம்னாசியம் என்ற உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளை நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிகள், சுற்றுப் பாதைகள். பத்து வயதில் தலையெழுத்தை எழுதிவிடுகிறார்களே என்று எனக்கு ஒரே பதைபதைப்பு. ஹம்முக்கு வீடு பார்க்கப் போன முதல் நாளே தமிழ்க் கடைக்குள் நுழைந்து, வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினேன்.

கடைக்கார அண்ணை தராசை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ரெயில் ஸ்டேசனுக்குக் கிட்ட மட்டும் வீடு எடுத்துப்போடாதையுங்கோ. அங்கத்தைப் பள்ளிக்கூடத்திலை முழுக்க வெளிநாட்டுப் பிள்ளையள். கால்வாய்க்கு அங்காலை போங்கோ. டொக்டர்மாற்றை பிள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒண்டு இருக்கு."

"ஓம் அண்ணை, அதுதான் எனக்கும் யோசனை" என்று கவலையோடு தலையாட்டினேன். எங்கள் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்ற கேள்வி எங்கள் இருவரில் ஒருவருக்கும் வரவில்லை.

ஆனால் விருப்பப்பட்ட பள்ளியில் சேர்க்க முடியாது. எந்தத் தெருவில் குடியிருக்கிறோமோ அந்தத் தெருவுக்கென்று ஒதுக்கிய பள்ளிதான். கால்வாய்க்கு அப்பால் வீடு கேட்டுத் தொலைபேசி எடுத்தேன். என் ஜேர்மன் உச்சரிப்பைக் கேட்டதும் வீடுகளெல்லாம் திடீரென்று வாடகைக்குப் போய்விட்டன. கடைசியில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், படிக்கட்டு விளக்கு எரியாத ஒரு வீடுதான் அமைந்தது. கணவருக்குப் பரம திருப்தி.

"பள்ளிக்கூடம் பன்னிரண்டு நிமிச நடை. இது காணுந்தானே" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் காணும்!" என்று சீறினேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டு அலுமாரியைப் பொருத்தும் வேலையில் இறங்கிவிட்டார். எனக்கு ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

கால்வாய்க்கு அப்பால் கணவரின் ஊர்க்கார அக்கா ஒருவர் இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை, சொந்த வீடு, பச்சைக் கதவு. விசயத்தைச் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "இதுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு யோசிக்கிறீர்? என்ரை விலாசத்தைக் குடும். தபால்பெட்டியிலை உங்கடை பேரை ஒட்டிவிடும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். நகர அலுவலகத்தில் ஒரு தாளை நிரப்பி, நானும் மகளும் அக்கா வீட்டில் இருப்பதாகப் பதிந்தேன். கணவரும் மகனும் ஸ்டேசன் வீட்டில். அக்காவின் பெயருக்குக் கீழே எங்கள் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மழை படாமல் இருக்க மேலே ஒட்டுநாடாவையும் இழுத்து ஒட்டினேன். மகளுக்கு அப்போது வாசிக்கத் தெரிந்தது எங்கள் குடும்பப் பெயர் ஒன்றுதான். எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, எங்கடை பேர் ஏன் இஞ்சை இருக்கு?"

"ஆரும் வீடு எங்கை எண்டு கேட்டால் இந்தப் பச்சைக் கதவு வீடு எண்டு சொல்லவேணும். சரியோ?"

"நாங்கள் இஞ்சை இருக்கிறேல்லையே."

"சொல்லச் சொன்னதைச் சொல்லு."

தலையாட்டினாள். பொய் சொல்லக் கூடாது என்று அதே வாயால்தான் அவளை வளர்த்து வந்திருந்தேன்.

முதல் நாள், இந்த நாட்டு வழக்கப்படி, தன் உயரத்தில் பாதி இருந்த கூம்புப் பொதி நிறைய இனிப்போடு படத்துக்கு நின்றாள். பள்ளிக்கூடம் அழகாகத்தான் இருந்தது. முற்றத்தில் ஆப்பிள் மரங்கள், வாசலில் சைக்கிள்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைக்கு ஒரு தேவையும் இல்லாமல் போய், மகள் எந்தப் பள்ளி என்று அண்ணை கேட்கும்வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

இனி எங்கள் காலைகளைச் சொல்லவேண்டும். ஆறரைக்கு எழும்பி, மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மகளோடு பஸ்ஸில் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து போவேன். பள்ளிக்கு ஒரு தரிப்பு முன்னதாகவே இறங்குவோம். அக்கா வீட்டுக் கேற்றைத் திறந்து உள்ளே போய், தபால்பெட்டிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்போம். பக்கத்து வீடுகளின் பிள்ளைகள் தெருவுக்கு வந்ததும், அப்போதுதான் வீட்டிலிருந்து புறப்படுகிறவள் போல மகள் கேற்றைத் திறந்து வெளியே போவாள். இந்த நாட்டில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே கூட்டமாக நடந்துதான் பள்ளிக்குப் போவார்கள். பெற்றோர் பின்னால் போனால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் கேற்றுக்குள் நின்று கையசைப்பேன். அக்கா அந்நேரம் வேலைக்குப் போயிருப்பார். யாரோ ஒருவரின் வீட்டு முற்றத்தில் நின்று சொந்தப் பிள்ளையை வழியனுப்பும் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நான் என்னையே மெச்சிக்கொண்ட நாட்களும் உண்டு.

மெல்ல மெல்ல மகளின் பேச்சுக் குறைந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி, பின்னேரத்தில் உன்னை ஏன் தெருவில் காணவில்லை என்று கேட்டாளாம். "நீ என்ன சொன்னனீ?" என்றேன். "நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். ஐப்பசியில் அவளுக்குப் பிறந்தநாள். வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிடுவோம், அக்கா வீட்டில் கேக் வெட்டுவோம் என்று சொன்னேன். வேண்டாம் என்றாள். ஆறு வயதுப் பிள்ளை பிறந்தநாள் வேண்டாம் என்கிறது. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் பள்ளியிலிருந்து ஒரு கடிதம், வகுப்பு ரீச்சரைச் சந்திக்க நாளும் நேரமும் குறித்து. சொன்ன நேரத்துக்குக் கால் மணி நேரம் முந்தியே போய் நின்றேன். ரீச்சர் சின்னப் பெண், அதுதான் அவருக்கு முதல் வகுப்பாம். சிறுபிள்ளைகள் இருக்கும் கதிரையில் என் எதிரே உட்கார்ந்து, ஒரு தாளை மேசையில் வைத்தார். வெறும் தாள்.

பிள்ளைகள் எல்லாரிடமும், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் படமாகக் கீறச் சொன்னாராம். எல்லாரும் கீறினார்கள். உங்கள் மகள் இரண்டு நாள் கீறிக் கீறி அழித்தாள், கடைசியில் வழி மறந்துவிட்டது என்று சொன்னாள் என்றார். தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அழிறப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓரிடத்தில் பஞ்சாகியிருந்தது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது கோடுகள் தெரிந்தன. ஒரு பாலம். ஒரு பஸ். இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் மூன்று மாடி யன்னல்கள், மற்றதில் ஒரு கதவு.

ரீச்சர் கைகளைப் பிசைந்துகொண்டு கேட்டார். "வீட்டில் ஏதாவது பிரச்சினையா? வீட்டைப் பற்றிக் கேட்டாலே அவள் பயந்துபோகிறாள்."

பிள்ளைகள் நலன் பார்க்கும் அலுவலகம் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்று எங்கள் ஆட்களுக்குள் எத்தனையோ கதைகள். இந்தப் பெண் நாங்கள் வீட்டில் பிள்ளையை அடிக்கிறோம் என்று நினைக்கிறாளா? வாயைத் திறந்தால் பள்ளிக்கூடம் போய்விடும். மூடிக்கொண்டிருந்தால் அதைவிடப் பெரியது போய்விடலாம். எனக்கு வந்த பயத்தில் ஜேர்மன் இலக்கணம் முழுவதும் பறந்துவிட்டது. இருந்த சொற்களை வைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இது பொய் விலாசம். எங்கள் வீடு ஸ்டேசனுக்குப் பக்கத்தில். வீடு நல்ல வீடு. பிள்ளை நல்ல பிள்ளை. பிழை என்னுடையது.

ரீச்சருக்கு முகத்தில் முதலில் நிம்மதி வந்தது, பிறகு சங்கடம் வந்தது. தலைமை ஆசிரியரிடம் சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் அரையாண்டு முடியும்வரை பிள்ளையை வைத்திருக்கக் கேட்டுப் பார்ப்பேன் என்றார்.

மகள் வெளியே நடையில், சப்பாத்து மாட்டும் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் தரிப்புவரை நடந்தேன். அங்கே போனதும், பயமெல்லாம் கோபமாக மாறி, அவள் மேலேயே பாய்ந்தேன். எனக்கு அதுதானே பழக்கம்.

"ஒரு படத்தைக் கீறிக் குடுத்தால் என்ன? வெறும் தாளைக் குடுத்தனீயே!"

அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த வீட்டிலையிருந்து கீறுறது அம்மா? எங்கடை வீட்டிலையிருந்து கீறினால் உங்களைப் பிடிப்பினம். பச்சைக் கதவு வீட்டிலையிருந்து கீறினால் அது பொய்."

பஸ் வந்து நின்றது, கதவு திறந்து மூடிக்கொண்டு போய்விட்டது. நான் ஏறவில்லை. அந்தப் பிள்ளை மூன்று மாதமாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ அவளை ஜிம்னாசியத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அந்தக் குளிரில் அவளை அணைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கணவரிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்று ஒரு சொல் சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேசன் பக்கத்துப் பள்ளிவரை நடந்துவிட்டு வந்தார். "அவவின்ரை காலுக்குப் பதினேழு நிமிசம். நான் முந்திப் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றார்.

அரையாண்டுவரை நாங்கள் காத்திருக்கவில்லை. அலுவலகத்துக்குப் போய், நானும் மகளும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறோம் என்று பதிந்தேன். பிறகு அக்கா வீட்டுக்குப் போய்த் தபால்பெட்டியிலிருந்து எங்கள் பெயரை நகத்தால் சுரண்டினேன். அக்காவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். "நான் உதவி எண்டுதானே பிள்ளை செய்தனான்" என்றார். "ஓம் அக்கா, நீங்கள் குறை நினைக்காதையுங்கோ. எங்களுக்கெண்டால் இரவல் விலாசத்திலை கடிதம் வந்தால் காணும். இவளாலை அதிலை குடியிருக்க ஏலாது" என்றேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது, தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

டிசம்பரில், நத்தார் விடுமுறைக்கு முந்திய கிழமை ஸ்டேசன் பக்கத்துப் பள்ளிக்கு மகளைக் கூட்டிப் போனேன். முற்றத்தில் ஆப்பிள் மரங்கள் இல்லை. சுவரில் பிள்ளைகள் பூசிய மீன்கள் இருந்தன. நடையில் ஏழெட்டு மொழிகள் கேட்டன. தலைமை ஆசிரியை தலை நரைத்தவர். பேனாவை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மகளைப் பார்த்துக் கேட்டார்.

"நீ எங்கே இருக்கிறாய்?"

மகள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எதைச் சொல்லட்டும் என்று என்னிடம் அனுமதி கேட்டாள்.

"சொல்லு அம்மா. எங்கடை வீட்டைச் சொல்லு" என்றேன்.

அவ்வளவுதான். மூன்று மாதமாக வாயைத் திறக்காத பிள்ளை ஜேர்மன் மொழியில் கொட்டத் தொடங்கினாள். தெருப் பெயர், இலக்கம், மூன்றாம் மாடி. படிக்கட்டு விளக்கு எரியாது, அதனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அப்பா இரவு வேலைக்குப் போகும் கிழமைகளில் பகலில் தூங்குவார், அப்போது சத்தம் போடக் கூடாது. தம்பி சுவரில் கீறிவிட்டான். சனிக்கிழமைகளில் அம்மா மிளகாய் வறுப்பார், எல்லாருக்கும் தும்மல் வரும். தலைமை ஆசிரியை இலக்கத்தை எழுதியதோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு முறை இழுத்து விட்டுக்கொண்டு, கடைசியாக ஒன்று சொன்னாள்.

"நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். கீழே மணி இருக்கிறது. அதில் எங்கள் பெயர் இருக்கிறது."