கோலா கிளாவாங் அண்ணனும் புரோஸ்டேட் ரத்தச் சோதனையும்

1995 பிப்ரவரி, ரப்பர் மரங்கள் இலை கொட்டும் காலம். மலேசியாவில், சிரம்பானில் இருந்த என் பெரியண்ணனுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது. ஆண் ஹார்மோனை உடம்பு எப்படி உண்டாக்கி எப்படிச் செலவழிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுமாம், அந்த வாகு பரம்பரையாக மரபணுவில் வருமாம். அதனால் உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும், தன் ஆய்வுக்கும் கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். எத்தனை பேர் என்று கேட்டார். நானும் கோலா கிளாவாங் மாரிமுத்து அண்ணனும் என்றேன்.

மறுநாள் காலை கோலா கிளாவாங்குக்கு ஏழரை பஸ். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் இரண்டரை வெள்ளி. புக்கிட் தங்கா மலை வளைவுகளில் வயிறு நிறைய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றோடு ஏறாதீர்கள், நான் பட்டேன். டவுனிலிருந்து அண்ணன் இருந்த எஸ்டேட்டுக்கு மூன்று மைல், காய்கறிக்காரர் மோட்டார் சைக்கிளில், முட்டைக்கோஸ் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி போனேன்.

எஸ்டேட்டில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ரிட்டையர் ஆன மாரிமுத்து அண்ணனுக்கு ஊசி என்றால் நடுக்கம். "ஒண்ணுக்குப் போறது என் சொந்த வேலைலா, அதுக்கு டாக்டர் எதுக்கு?" என்றார். பெரியண்ணன் படுத்துவிட்டதைச் சொன்னதும் சட்டையை மாட்டினார்.

சிரம்பானில் டாக்டர் எங்கள் அப்பா பெயரைக் கேட்டார். ஆளுக்கொரு பெயர் சொன்னோம். அவர் விழித்தார். எங்கள் அப்பாக்கள் ஒரே கப்பலில் வந்தவர்கள், இறங்கிய நாளிலிருந்து பங்காளிகள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீட்டுக்கும் தீட்டு, பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது என்று விளக்கினேன். டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மரபணுவுக்குக் கப்பல் தெரியாது, இவர் ஆய்வுக்குத் தேவையில்லை என்றார்.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவங்கப்பா செத்தப்ப நானும்தான் மொட்டை போட்டேன். என் ரத்தம் மட்டும் ஆகாதா? எடுங்க டாக்டர்." அறுபது தாண்டியவர், எப்படியும் பார்ப்பது நல்லதுதான் என்று டாக்டரும் எடுத்தார்.

எனக்கு ஒன்றுமில்லை. அவருக்குத்தான் இருந்தது, ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை. அறுவை சிகிச்சையோடு பிழைத்துக்கொண்டார்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு: இந்நோய் பரம்பரையில் கூடுதலாக வரும், பரம்பரை இல்லாதவரையும் வயதானால் தேடி வரும். ஐம்பது தாண்டிய ஆண்கள் கூச்சப்படாமல் டாக்டரைக் கேளுங்கள். சோதனைக்கு ஆள் கூட்டிவரும்போது ரத்தச் சொந்தமா என்று ரொம்பவும் ஆராயாதீர்கள்.

செய்தியைப் பெரியண்ணனிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். தன் நோய்க்குக் காலம் கடந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். தலையணையில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஒரு தம்பியாவது தப்பிச்சான்லா."